பழைய பேஞ்சோவைச் சரிசெய்வது எப்படி? கடலோர ஊர்க்காரர்களுக்கு

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ வீட்டுப் பரணிலோ ஐந்து தந்திப் பேஞ்சோ கையில் சிக்கினால், துருவைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். பித்தான் தட்டி வாசிக்கும் புல்புல்தாராவைச் சொல்லவில்லை. வட்டத் தோலும் நீளக் கழுத்தும் உள்ள வாத்தியத்தைச் சொல்கிறேன். பெரும்பகுதி நட்டும் கொக்கியும்தான். பொறுமை இருந்தால் புதியவரே செய்யலாம்.

கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். தந்திகளைக் கழற்றிவிட்டு, தோலை இழுத்துப் பிடிக்கும் நட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கமாக அவிழ்த்தால் வளையம் கோணிக்கொள்ளும். உப்புக்காற்றில் இறுகிய நட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். முறுக்கி உடைத்தால் அதே அளவு நட்டு இங்கே கிடைப்பது கஷ்டம்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கலாம். நிக்கல் முலாமில் புளி படவே கூடாது. மரத்தில் தின்னர், ஸ்பிரிட் வேண்டாம், பழைய பாலிஷ் கரைந்துவிடும். ஒட்டு விட்டிருந்தால், தச்சர்கள் பயன்படுத்தும் தோல் பசையான வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுங்கள். சூடு காட்டினால் அது இளகும். பின்னால் இன்னொருவர் பிரித்து வேலை பார்க்க முடியும்.

இனி தோல். 11 அங்குலம்தான் பரவலான அளவு என்றாலும் பழையவை மாறுபடும், அளந்து பாருங்கள். ஈரத்துக்கு அசையாத மைலர் என்ற பிளாஸ்டிக் தோலும் போடலாம். ஆனாலும் பழைய வாத்தியத்துக்குக் கன்றுத்தோலின் கதகதப்பான நாதம்தான் எனக்குப் பிடிக்கும். தோலைப் பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, துவண்டதும் உள்வளையத்தில் சுற்றி, மேல்வளையத்தை வைத்து, கொக்கிகளை லேசாக மட்டும் மாட்டுங்கள். மேல்வளையம் இப்போது உயரமாகவே நிற்கட்டும், பிறகு இறுக்க இடம் வேண்டும். நிழலில் நன்றாகக் காய்ந்தபின் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒவ்வொரு கொக்கியருகிலும் விரலால் தட்டினால் ஒரே சுருதி கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம்: ஈரத்தில் முழுக்க இறுக்கிய தோல் வெயில் வந்ததும் இன்னும் இறுகிக் கிழிந்துவிடும். தயக்கமாக இருந்தால் மிருதங்கத்துக்குத் தோல் கட்டுபவரிடம் காட்டுங்கள். தோலின் போக்கு அவர் கைக்குத் தெரியும்.

தந்திகளைத் தோல்மேல் தாங்கும் மரத்துண்டான குதிரையை ஒட்டக் கூடாது. தந்தியின் அழுத்தத்திலேயே நிற்கும். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படியும் பள்ளக்கட்டையிலிருந்து 12-ஆம் கட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) வரை எவ்வளவோ, அங்கிருந்து குதிரை வரையும் அவ்வளவு. மெல்லிய தந்திகளையே போட்டு, குட்டைத் தந்தியிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி என்ற மேற்கத்திய சுரங்களுக்குச் சுருதி சேருங்கள். மழைநாளில் தோல் தளர்ந்து, அதற்காக இறுக்கினால், வெயில் வந்ததும் மறக்காமல் அதே அளவு தளர்த்திவிடுங்கள்.