ஜாவாஸ்கிரிப்டில் அன்டிஃபைண்ட் (undefined, மதிப்பே இல்லாத நிலை) வந்தாலும் கோட் நிற்காமல் ஓட

ஏபிஐ (வேறொரு மென்பொருளிடமிருந்து டேட்டா வாங்கும் வழி) அனுப்பும் டேட்டாவில் சில நேரம் முகவரி என்ற பகுதியே இருக்காது. அப்போது பயனர்.முகவரி.ஊர் என்று எழுதினால் டைப்எரர் என்ற பிழை வந்து ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். 2020-இல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்ந்த ?. குறியைப் போடுங்கள்:

பயனர்?.முகவரி?.ஊர் ?? "ஊர் இல்லை"

நடுவில் எது இல்லாவிட்டாலும் எரர் வராது, ?? குறிக்கு அடுத்துள்ள மாற்று மதிப்பு வந்துவிடும். ?? இருக்கும் இடத்தில் பழைய பழக்கத்தில் || ("அல்லது" குறி) போடாதீர்கள். விலை 0 என்று சரியாகவே வந்திருந்தாலும் || அதைத் தூக்கிப் போட்டுவிடும்; ?? அப்படியில்லை, நல் (null, காலி மதிப்பு), அன்டிஃபைண்ட் இரண்டை மட்டுமே மாற்றும். அரே (array, மதிப்புகளின் பட்டியல்) என்றால் ஆர்டர்கள்?.[0]?.விலை என்று எழுதுங்கள்.

அதற்காக எல்லாப் புள்ளிக்கும் முன்னால் கேள்விக்குறி வேண்டாம். கண்டிப்பாக வரவேண்டிய டேட்டா வராதபோது எரர் வருவதே நல்லது, பிழை உடனே கண்ணில் படும். அப்புறம், மதிப்பைப் பதியும்போது = குறிக்கு இடப்பக்கம் ?. செல்லாது.