பழைய குடும்பக் கடிதக் கட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி?

திருமலையின் (திருகோணமலையின்) பழைய வியாபாரக் குடும்பங்களில் றங்குப்பெட்டி நிறையக் கடிதங்கள் இன்னும் கிடக்கின்றன. எங்கள் அம்மப்பா வீட்டுப் பெட்டியை ஒழுங்குபடுத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

மாரியில் பெட்டியைத் திறக்காதீர்கள், ஈரத்தில் கடதாசிகள் ஒட்டிக்கொள்ளும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் நல்லது. வேலை செய்யும்போது மின்விசிறி வேண்டாம்.

கட்டை அவிழ்க்குமுன் அப்படியே ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு கடிதத்தின் பின்மூலையிலும் மென்மையான பென்சிலால் கட்டு எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். கடைக் கடிதம் வேறு, வீட்டுக் கடிதம் வேறு என்று மட்டும் பிரிக்கவே கூடாது. முன்பக்கத்தில் துறைமுகத்துக்கு அனுப்பிய அரிசி மூட்டைக் கணக்கு, பின்பக்கத்தில் மகளின் சம்பந்தப் பேச்சு என்றால் அதை எதில் சேர்ப்பீர்கள்? கட்டியவர் வைத்த வரிசையே நமக்கு ஒரு சாட்சி.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் துண்டை இடையில் செருகி நெகிழ்த்துங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம், லமினேட் பண்ணவே வேண்டாம்.

அடுத்து தேதி. பலரும் தடுமாறுவது இங்கேதான். கடிதத் தலைப்பில் ௵, ௴, ௳ என்று இருந்தால் அவை முறையே வருஷம், மாதம், தேதி. வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சித்திரபானு என்றால் 1882ஆகவும் இருக்கலாம், 1942ஆகவும் இருக்கலாம். உறையில் ஒட்டிய முத்திரையில் விக்டோரியா இராணியா, ஆறாம் ஜோர்ஜ் மன்னரா என்று பாருங்கள், தெரிந்துவிடும். அதனால்தான் உறையை எறியக் கூடாது என்கிறேன். இன்னொன்று, வருஷம் சித்திரையில் பிறப்பதால் மாசி, பங்குனிக் கடிதங்களுக்கு ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும். சித்திரபானு மாசி என்றால் 1883 அல்லது 1943.

ஸ்கேன் பண்ண, தட்டையான கண்ணாடி ஸ்கேனர்தான் என் தெரிவு. தாளை உள்ளே இழுக்கும் வகை பழைய கடதாசியைக் கிழித்துவிடும். 400 டிபிஐ (dpi) நுணுக்கம், டிஃப் (TIFF) வகைப் படக் கோப்பு. மெல்லிய தாளில் மறுபக்க மை தெரிந்தால் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள். போன்தான் இருக்கிறதா? சரி, ஃபிளாஷை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் எடுங்கள்.

ஊருக்கும் பயன்படட்டும் என்று நினைத்தால், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துடன் பேசலாம். அதற்குமுன் குடும்பத்தார் எல்லோரிடமும் சம்மதம் வாங்குங்கள். சீதனம், கடன் பற்றியெல்லாம் அதில் இருக்கும்.

பிற்சேர்க்கை: “யப்பானியர் குண்டு போட்டதைச் சொல்லும் கடிதத்தில் விஷு வருஷம் என்று இருக்கிறதே, விஷு 1941 அல்லவா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். கடிதம் சரிதான். திருமலையில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 9. அப்போது பங்குனி முடியவில்லை, சித்திரபானு பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. ஏப்ரல் முற்பாதிக் கடிதங்களில் இந்தச் சிக்கல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே அட்டவணையில் கடிதத்தில் உள்ள தேதியை அப்படியே ஒரு நிரலிலும், நீங்கள் கணித்த ஆங்கிலத் தேதியை இன்னொரு நிரலிலும் எழுதுங்கள்.