பிரெஞ்சுக் காமப் படத்தில் அதிகாரம் யார் கையில்? 'லெ மெப்ரி'யை வைத்து ஒரு செய்முறை

யார் உடையில்லாமல் இருக்கிறாரோ அவர்தான் பலவீனமானவர் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் இந்த வகைப் படங்களைப் பார்த்தேன். பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'லெ மெப்ரி' ('இகழ்ச்சி' என்று பொருள், 1963) அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. அதிகாரம் யார் கையில் என்று பார்த்துப் பழக இதைவிட நல்ல படம் இல்லை.

1. சரியான பிரதி. நான் சறுக்கியது இங்கேதான். முதலில் கிடைத்தது எல்லாரும் ஒரே மொழி பேசும் டப்பிங் பிரதி. அதில் பிரான்செஸ்கா என்ற பெண் மற்றவர்கள் சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ கோதார் குறும்பு என்று விட்டுவிட்டேன். உண்மையில் அவர் மொழிபெயர்ப்பாளர்! அமெரிக்கத் தயாரிப்பாளர் ஆங்கிலத்தில் பேசுவார், கதாசிரியர் பால் பிரெஞ்சில். நடுவில் இவர் கொஞ்சம் மாற்றியும் சொல்வார். படத்தின் அதிகாரமே அந்த இடைவெளியில் இருக்கிறது. அசல் ஒலியும் சப்டைட்டிலும் உள்ளதையே எடுங்கள். நீளம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு என்றால் தொடாதீர்கள், அது வெட்டுப்பட்ட இத்தாலியப் பிரதி.

2. நோட்டுப் புத்தகம். மொபைல் ஆப் வேண்டாம், காகிதம்தான். இரண்டு பத்தி: கேட்பவர், பதில் சொல்பவர். ஒவ்வொரு காட்சியிலும் யார் எது என்று குறியுங்கள். பிளேயருக்கு விஎல்சி போதும் ('E' விசையைத் தட்டினால் பிரேம் பிரேமாக நகரும்).

3. படுக்கையறை. பாலின் மனைவி கமீலாக நடிக்கும் பிரிஜித் பார்தோ குப்புறப் படுத்திருக்கிறார். பாதம் பிடிக்குமா, முழங்கால் பிடிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கணவனுக்கு 'ஆமாம்' சொல்வதைத் தவிர வேலையே இல்லை. உங்கள் நோட்டில் கேட்பவர் பத்தி மட்டும்தான் நிரம்பும். பார்தோவின் உடலைக் காட்டியே ஆக வேண்டும் என்று பணம் போட்ட அமெரிக்கத் தரப்பு கேட்டதால் பிறகு சேர்த்த காட்சி இது. கோதார் அதைச் சரக்குப் பட்டியல் மாதிரி எடுத்து, சிவப்பு, நீல வெளிச்சம் போட்டுக் கொடுத்தார்.

4. செக், பிறகு கார். தயாரிப்பாளர் பிரான்செஸ்காவைக் குனியவைத்து, அவர் முதுகில் வைத்து செக் எழுதுகிறார். அந்த செக்கைப் பால் பைக்குள் வைத்துக்கொள்கிறான். அடுத்து தயாரிப்பாளரின் சிவப்பு ஆல்ஃபா ரோமியோ கார். இரண்டே இருக்கை. 'நீ அவரோடு போ' என்கிறான் பால், கமீல் தயங்குகிறாள். கார் கிளம்புகிறது, 'பால்!' என்று கூப்பிடுகிறாள். பால் டாக்ஸியில், பிரான்செஸ்கா சைக்கிளில். கணவனும் இல்லை, மொழிபெயர்க்கவும் ஆள் இல்லை. இங்கே நிறுத்தி, குறைந்தது மூன்று தடவை பாருங்கள். திருமணம் உடைவது இங்கேதான், படுக்கையில் இல்லை.

5. வீடு. சுமார் அரை மணி நேரம் ஓடும் சண்டை. கதவில் கண்ணாடி இன்னும் போடவில்லை. பால் கதவைத் திறந்தும் போகிறான், சட்டத்துக்குள் நுழைந்தும் போகிறான். பிறகு மேஜை விளக்கின் இரு பக்கமும் இருவர். பால் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தபடி ஏன் தன்னைப் பிடிக்கவில்லை என்று துருவுகிறான். நோட்டைப் பாருங்கள்: இப்போது கேள்வியெல்லாம் அவன் பக்கம், ஆனால் பதில் சொல்லாமல் இருக்கும் பலம் அவளிடம்.

பின்சேர்க்கை: 'விளக்கு மட்டும்தான் தெரிகிறது, ஆட்களைக் காணோம்' என்று இரண்டு பேர் கமெண்டில் கேட்டிருந்தார்கள். டிவியில் 'ஜூம்' போட்டிருப்பீர்கள். அகலத்திரைப் படம் இது, இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டுவிடும். ஜூமை எடுத்துவிட்டாலும் கேமரா விளக்கைத் தாண்டி இவரிடமிருந்து அவரிடம் போய் வந்துகொண்டுதான் இருக்கும். அது கோளாறு இல்லை.