பனிச்சறுக்கில் மோதல், கையில் சம்மன்: யூட்டாவில் வழக்கை எதிர்கொள்வது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பனிச்சரிவில் ஒருவரோடு மோதிவிட்டீர்கள். ஓரிரு ஆண்டு கழித்து, நஷ்டஈடு கேட்டு அவர் தொடுத்த வழக்கின் சம்மன் வருகிறது. "அவர்தானே வந்து மோதினார்!" என்று உங்களுக்குக் கொதிக்கலாம். அது உண்மையாகவே இருந்தாலும், நிரூபித்தால்தான் நிற்கும்.

படி 1: சம்மன் கிடைத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். யூட்டாவுக்குள் கிடைத்திருந்தால் பதில்மனுவுக்கு 21 நாள், வெளியே என்றால் 30 நாள். தவறினால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடக்கூடும்.

படி 2: வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் தங்கள் பாலிசியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய பாலிசிகள் பலவற்றில், வீட்டுக்கு வெளியே உங்களால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் காப்பு உண்டு. வக்கீலை அமர்த்தும் பொறுப்பையும் நிறுவனமே ஏற்கும். சம்மன் நகலை அன்றே அனுப்பிவிடுங்கள். தாமதமே காப்பை மறுக்கக் காரணமாகலாம்.

படி 3: வழக்கைப் பற்றி எங்கும் எழுதாதீர்கள், பழைய படம், செய்தி எதையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

படி 4: மேலே இருந்தவர் யார்? வழக்கின் உயிர்நாடி இதுதான். உழைப்பையெல்லாம் இங்கே போடுங்கள். சரிவில் முன்னால், கீழே செல்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலகிச் செல்ல வேண்டும் என்பது ஸ்கீ தலங்களின் விதி.

நடிகை க்வினெத் பால்ட்ரோ வழக்கைப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் யூட்டாவின் டியர் வேலி ஸ்கீ தலத்தில், தொடக்கநிலையினருக்கான சரிவில் மோதல். ஓய்வுபெற்ற கண் பரிசோதகர் ஒருவர் 2019இல் 31 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். பின்னர் கோரிக்கை 3 லட்சம் டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னாலிருந்து வந்தது மற்றவர்தான் என்றே இருவரும் சாட்சி சொன்னார்கள். பால்ட்ரோ தரப்பு நிபுணர் வெள்ளைப் பலகையில் குச்சி மனிதர்களை வரைந்து, விசைக் கணக்கோடு மோதலை ஜூரிக்கு, அதாவது பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழுவுக்கு, விளக்கினார். விபத்துக்குப் பின் வாதி அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு, 'நான் பிரபலமாகிவிட்டேன்'. அதுவும் ஜூரியின் முன் வந்தது. 2023 மார்ச்சில், தவறு முழுவதும் வாதியுடையதே என்று ஜூரி முடிவு செய்தது. எதிர்வழக்கில் பால்ட்ரோ கேட்டிருந்த 1 டாலரும் கிடைத்தது.

நீங்கள் திரட்ட வேண்டியவை: மீட்புக் குழுவினர் எழுதிய விபத்து அறிக்கை, உடன் வந்தவர்களின் வாக்குமூலம், தலைக்கவசக் கேமரா அல்லது செல்போன் செயலியின் பதிவுகள். கீறல் விழுந்த ஸ்கீ பலகைகளைப் பழுதுபார்க்காமல் அப்படியே வையுங்கள். விழுந்த இடத்தையும் இருவரும் வந்த திசையையும், நினைவு மங்குவதற்குள் வரைந்து வக்கீலிடம் கொடுங்கள்.

படி 5: வாதியின் தவறையும் பதில்மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். யூட்டா சட்டப்படி உங்கள் தவறு அவருடையதைவிட அதிகமாக இருந்தால்தான் அவருக்கு நஷ்டஈடு உண்டு. சரிபாதி என்று முடிவானால்கூட ஒரு பைசா கிடையாது. உங்களுக்கும் காயம் பட்டிருந்தால், எதிர்வழக்கும் இதோடு சேர வேண்டும்.

படி 6: வாதியின் பழைய மருத்துவப் பதிவுகளை நீதிமன்ற நடைமுறை வழியாகக் கேளுங்கள். இன்றைய வலி மோதலுக்கு முன்பே இருந்ததா என்பது அதில் தெரியும்.

சமரசப் பேச்சு வந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். வழக்கில் வென்றாலும் வக்கீல் செலவு பொதுவாக எதிர்த்தரப்பிடமிருந்து திரும்ப வராது. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தே பதில் சொல்லுங்கள்.