பிரிட்டன் இ-விசா: போனிலேயே கணக்கு திறந்து பார்ப்பதும் காட்டுவதும் எப்படி?

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்கள், விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்திலிருந்து பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டி விசா ஸ்டிக்கரைத் தேடுகிறார்கள். இப்போது அநேகமாக அது இருக்காது, பயப்பட வேண்டாம். 2025 ஜூலை 15 முதல் பெரும்பாலான படிப்பு, வேலை விசாக்களில் முதன்மை விண்ணப்பதாரருக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அங்கே போய் இறங்கியதும் வாங்கிக்கொண்டிருந்த பி.ஆர்.பி. என்ற குடியிருப்பு அனுமதி அட்டையின் காலமும் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. இனி உங்கள் விசா அந்நாட்டு உள்துறையின் கணினியில் இருக்கும் ஒரு பதிவுதான், அதுதான் இ-விசா. அதைப் பார்க்க யூ.கே.வி.ஐ. (பிரிட்டனின் விசா, குடியேற்றத் துறை) கணக்கு வேண்டும், அது முழுக்க இலவசம்.

தொடங்கும் முன்

பாஸ்போர்ட், விண்ணப்ப எண் (ஜி.டபிள்யூ.எஃப். என்று தொடங்குவது, விண்ணப்ப ரசீதிலும் அவர்கள் அனுப்பிய மெயிலிலும் இருக்கும்), கேமரா நன்றாக வேலை செய்கிற போன். இவை கையில் இருந்தால் போதும்.

இவற்றை எல்லாம் விட முக்கியமானது, எந்த மெயில் ஐடியில் கணக்கு திறக்கிறீர்கள் என்பது. நம் ஊரில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தரும் கன்சல்டன்சிகள் பலவற்றில், மெயில் ஐடியையும் அவர்களே உருவாக்கிப் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் பாதுகாப்புக் குறியீடு அந்த மெயிலுக்கோ போன் எண்ணுக்கோதான் வரும். நீங்கள் பிரிட்டனின் லெஸ்டர் நகரில் முதல் நாள் வேலைக்குப் போய் நிற்கும்போது, அந்தக் குறியீடு கோயம்புத்தூரில் யாரோ ஒருவருடைய இன்பாக்ஸில் வந்து விழுந்தால் என்ன செய்வீர்கள்? போன் எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே போனதும் புது சிம் வாங்கிவிட்டு, இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கொஞ்ச நாளில் அது போய்விடும். அதனால் குறியீட்டை மெயிலுக்கே வரவழையுங்கள், அங்கே எண் மாறியதும் கணக்கிலும் மாற்றிவிடுங்கள்.

படி 1: கணக்கு திறப்பது

போனில் பிரவுசரைத் திறந்து, கவ் டாட் யூகே (GOV.UK) என்ற அரசு இணையதளத்தில் இ-விசா பக்கத்துக்குப் போங்கள். கூகுளில் தேடினால் விளம்பரமாக மேலே வருகிற தளங்களைத் தொடாதீர்கள், பணம் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மெயிலையும் போன் எண்ணையும் கொடுத்து, வருகிற குறியீடுகளை உள்ளிட்டு, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, விண்ணப்ப எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும்.

படி 2: அடையாளத்தை உறுதிசெய்வது

சிலருக்கு ‘யூகே இமிக்ரேஷன்: ஐடி செக்’ என்ற ஆப்பை இறக்கச் சொல்லும். ஆவணத்தைப் படம் எடுக்க மேஜைமேல் வெளிச்சமான இடத்தில் வையுங்கள், டியூப்லைட் வெளிச்சம் பக்கத்தின் மேல் பளபளக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணத்துக்குள் இருக்கும் சிப்பைப் படிக்கச் சொன்னால், போன் கவரைக் கழற்றிவிட்டு போனை ஆவணத்தின் மேலேயே வைத்து, அசைக்காமல் காத்திருங்கள். படிக்கவில்லை என்றால் ஒரு விரல்கடை தள்ளி வைத்துப் பாருங்கள். அப்புறம் முகத்தை ஸ்கேன் செய்யும், கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிடுவது நல்லது. இந்த ஆப்பின் வேலை இவ்வளவுதான். பலர் விசாவை இந்த ஆப்பிலேயே தேடித் தேடிச் சலித்துப் போகிறார்கள், ஆனால் விசாவைப் பார்ப்பது எப்போதும் பிரவுசரில்தான்.

படி 3: உள்ளே இருப்பதைச் சரிபார்ப்பது

இதை மட்டும் அவசரமாகச் செய்யாதீர்கள். உள்ளே நுழைந்ததும் உங்கள் படம், பெயர், விசாவின் வகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி, அதற்குக் கீழே நிபந்தனைகள் எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அப்பா பெயரையே குடும்பப் பெயராகப் போடுகிற நமக்கு, இரண்டு பெயரும் இடம் மாறியிருக்கிறதா, ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப அவசியம். நிபந்தனைகளையும் படியுங்கள்: பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பொதுவாகக் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. தவறு கண்ணில் பட்டால் அதே அரசு தளத்தில் இ-விசா பிழையைத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது, கிளம்புவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

துணைவருக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். குழந்தையின் கணக்கைப் பெற்றோரே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: ஷேர் கோடு எடுப்பது

வேலை கொடுப்பவரோ வாடகை வீட்டின் உரிமையாளரோ உங்கள் விசாவைப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிப் பயனில்லை. அவர்கள் இணையத்தில் உங்கள் விசாவைப் பார்க்க நீங்கள் கொடுக்கும் குறியீடுதான் ஷேர் கோடு. கணக்கில் அதை எடுக்கும் இடத்தைத் தட்டினால் எதற்காக என்று கேட்கும். வேலைக்கு என்றால் டபிள்யூ-வில் தொடங்கும் கோடு வரும், வாடகைக்கு ஆர், மற்ற தேவைகளுக்கு எஸ். ஒன்றுக்கு எடுத்ததை இன்னொன்றுக்குக் கொடுத்தால் எதிர்த்தரப்பில் திறக்காது. 9 எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் கோடு 90 நாள் செல்லும், அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், தீர்ந்தால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். கோடோடு பிறந்த தேதியையும் கொடுத்தால் போதும். கணக்கின் நுழைவு விவரங்களை யார் கேட்டாலும், முதலாளியே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

படி 5: பாஸ்போர்ட் மாறினால்

விமான நிலையத்தில் உங்கள் அனுமதியைத் தேடுவது பாஸ்போர்ட் எண்ணை வைத்துத்தான். அங்கே இருக்கும்போது பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, கணக்கில் புது எண்ணைச் சேர்க்காமல் ஊருக்கு வந்தால், திரும்பும்போது சென்னை கவுண்டரில் உங்கள் பதிவு உடனே கிடைக்காமல் போகலாம். புது பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே கணக்கில் சேருங்கள், டிக்கெட் எல்லாம் அப்புறம். கிளம்பும் முன் எஸ் வகை ஷேர் கோடு ஒன்றை எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் கவுண்டரில் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.