கவுன்சில் இணையத்தளத்தில் வழி தவறாமல் இருக்க: லண்டனில் நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குள் போனபின், வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்த பெரியவர்களுக்கும் கவுன்சில் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது சில வருடங்களாக எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆங்கிலம் போதாததால் நேரும் தவறுகள் குறைவு என்பதை அங்கேதான் கண்டேன். வங்கியிலும் மருத்துவமனையிலும் நல்ல பதவிகளில் இருப்பவர்களும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். 'இது யாருடைய பொறுப்பு?' என்று கேட்காமலே தேடத் தொடங்குவதும், பக்கத்தில் எழுதியிருக்கும் திகதியைக் கவனிக்காமல் விடுவதுமே பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர்.

முதல் தவறு, பக்கத்துக் கவுன்சிலின் தளத்துக்குப் போய்விடுவது. லண்டனில் பரோ எனப்படும் 32 உள்ளாட்சிப் பிரிவுகளும் சிட்டி ஒஃப் லண்டனுமாக 33 தனித்தனி நிர்வாகங்கள் இருக்கின்றன. பரோக்களின் இன்றைய அமைப்பு 1965இல் நடைமுறைக்கு வந்தது. அஞ்சல் குறியீடோ கடிதம் கொண்டுவந்து சேர்ப்பதற்காக ஏற்பட்டது. அது கவுன்சில் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. ஹாரோவுக்குரிய 'எச்ஏ' எழுத்துகள் முகவரியில் இருப்பதால் வெம்பிளியில் வசிப்பவர் ஹாரோ கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய கவுன்சில் பிரென்ட். ரைஸ்லிப்பும் 'எச்ஏ'தான், ஆனால் அது ஹில்லிங்டனுக்குள் இருக்கிறது. மிச்சத்துக்கு க்ரொய்டனின் 'சிஆர்' எழுத்துகள் இருந்தாலும் அது மேர்ட்டனைச் சேர்ந்தது. கென்டன் வீதியின் பெரும்பகுதியில் ஒரு பக்கத்து வீடுகள் ஒரு கவுன்சிலுக்கும் எதிர்ப்பக்கத்து வீடுகள் இன்னொரு கவுன்சிலுக்கும் உரியவை. ஆகவே வீடு மாறியதும் அரசின் பொதுத் தளத்தில் உள்ளூர்க் கவுன்சிலைக் கண்டறியும் பக்கத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டு ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். லண்டனுக்கு வெளியே குடிபோகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: வட்ஃபோர்ட் போன்ற இடங்களில் இரண்டு கவுன்சில்கள் உண்டு. குப்பை, கவுன்சில் டாக்ஸ் எனும் வீட்டு வரி, கட்டட அனுமதி ஆகியவற்றை உள்ளூர்க் கவுன்சில் கவனிக்கும். பள்ளி அனுமதியும் வீதிகளும் முதியோர் பராமரிப்பும் ஹேர்ட்ஃபோர்ட்ஷயர் கவுன்டி கவுன்சிலிடம் இருக்கின்றன. பள்ளி அனுமதிப் பக்கத்தை வட்ஃபோர்ட் தளத்தில் ஒரு மணி நேரம் தேடினாலும் விண்ணப்பம் அங்கே கிடைக்காது.

தேடுபொறியில் முதலில் வரும் இணைப்பையே அழுத்துவது காசை இழக்கச் செய்யும் தவறு. மேலே 'ஸ்பொன்சர்ட்' என்ற குறிப்போடு வருபவை விளம்பரங்கள். கவுன்சில்களின் முகவரி அநேகமாக எப்போதும் 'கவ் டொட் யூகே' என்று முடியும். அப்படி முடியாத தளம் உங்கள் விவரங்களை வாங்கி, நீங்களே இலவசமாகச் செய்யக்கூடிய வேலைக்குக் கட்டணம் அறவிடும் இடைத்தரகராக இருக்கலாம். வாக்காளர் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. நடமாட இயலாதவர்களுக்கான வாகனத் தரிப்பு அட்டையான ப்ளூ பாட்ஜுக்கு இங்கிலாந்தில் 10 பவுணுக்கு மேல் கேட்கக் கூடாது. வாகனத் தரிப்பிடக் கருவிகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கர்களிலும் அதே எச்சரிக்கை வேண்டும். மோசடிக்காரர்கள் ஒட்டிய போலி ஸ்டிக்கர்கள் பல ஊர்களில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

பார்க்கிங் டிக்கெட் வந்ததும் பலர் பதற்றத்தில் உடனே கவுன்சில் தளத்தைத் திறக்கிறார்கள். 'பிசிஎன்' என்ற மூன்றெழுத்துக்கு இரண்டு விரிவுகள் இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. 'பெனல்டி சார்ஜ் நோட்டீஸ்' என்றிருந்தால் அது கவுன்சிலோ, லண்டன் போக்குவரத்து அமைப்போ சட்டப்படி அனுப்பிய அபராதம். 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்றிருந்தால், பெரும்பாலும் கடைத்தொகுதியின் தரிப்பிடத்தை நடத்தும் தனியார் நிறுவனம் அனுப்பிய கட்டணக் கோரிக்கை. இரண்டாவது வகையைக் கவுன்சில் தளத்தில் முறையிட்டுப் பயனில்லை; நீங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் உண்மையான அவகாசம் கழிந்துவிடும். சிவப்புக் கோடு போட்ட வீதிகளில் கிடைக்கும் அபராதமும் பெரும்பாலும் கவுன்சிலுடையதாக இருக்காது. அந்த வீதிகளில் பெரும்பாலானவை லண்டன் போக்குவரத்து அமைப்பின் பொறுப்பில் உள்ளவை. கண்ணாடியில் ஒட்டப்பட்ட கவுன்சில் டிக்கெட்டை 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகைதான். ஆனால் முறையிட எண்ணியிருந்தால் முதலில் கட்டிவிடாதீர்கள். கட்டியதும் வழக்கு முடிந்ததாகிவிடும்.

நான் மிகவும் கவலைப்படும் தவறு வேறொன்று. நமக்குரிய உதவி எந்தச் சொல்லின் கீழ் இருக்கிறதோ, அந்தச் சொல் நம்முடையது அல்ல என்று கடந்துபோய்விடுவதுதான் அது. தளத்தில் 'கேரர்', அதாவது பராமரிப்பவர், என்றொரு பக்கம் இருக்கும். படுக்கையில் இருக்கும் மாமியாருக்குக் காலையில் உணவூட்டி, மருந்து கொடுத்து, இரவில் இரண்டு தடவை எழுந்து பார்க்கும் ஒரு பெண், தன்னை 'கேரர்' என்று எண்ணுவதே இல்லை; தான் மருமகள், தன் கடமையைச் செய்கிறேன் என்றுதான் சொல்கிறாள். அந்தப் பக்கம் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்குரியது என்று நினைத்து விட்டுவிடுகிறாள். உண்மையில் அது அவளுக்காகவே எழுதப்பட்ட பக்கம். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, சம்பளமின்றிப் பார்த்துக்கொள்பவரின் தேவைகளையும் மதிப்பிடும்படி கவுன்சிலைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. இருவரும் ஒரே வீட்டில் இருப்பதால் அந்த உரிமை இல்லாமல் போவதில்லை. குளியலறையில் கைப்பிடி, வாசற்படியில் சிறிய மாற்றம் போன்றவையும் 'அடல்ட் சோஷியல் கேர்' என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கும். மதிப்பீட்டில் தேவை என்று கண்டறியப்பட்ட 1,000 பவுண் வரையிலான சிறு மாற்றங்களுக்கு இங்கிலாந்தில் கட்டணம் அறவிடக் கூடாது. இதை அறியாமல் ஐந்நூறு பவுண் கொடுத்துத் தாங்களே பூட்டிக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கவுன்சில் டாக்ஸ் பக்கத்திலும் இதுவேதான் நடக்கிறது. வீட்டில் வயது வந்தவர்கள் இருவர் இருப்பதாகக் கொண்டே முழுத் தொகை கணக்கிடப்படுகிறது. ஒருவர் மட்டும் என்றால் 25 சதவீதம் குறையும். இதில் யாரை எண்ணுவது, யாரை விடுவது என்ற விதியைத்தான் பலர் படிப்பதில்லை. முழுநேரப் பல்கலைக்கழக மாணவர் எண்ணப்படுவதில்லை. ஆகவே தனியாக இருக்கும் தாயும் படிக்கும் மகனும் மட்டும் உள்ள வீட்டுக்கு அந்தக் கழிவு உண்டு. முதுமை மறதி நோயால் பாதிக்கப்பட்ட பெற்றோரும், மருத்துவர் சான்றும் உரிய அரச கொடுப்பனவுக்கான தகுதியும் இருந்தால், எண்ணப்படுவதில்லை. ஆனால் அந்தப் பிரிவுக்குத் தளத்தில் இருக்கும் பெயர் 'சிவியர்லி மென்டலி இம்பெயர்ட்', அதாவது கடுமையான மனக் குறைபாடு உள்ளவர். தன் தாயைப் பற்றி அப்படியொரு கடுமையான சொல்லைத் தேடலில் எழுத எந்த மகளுக்கும் மனம் வராது. அதனால் அந்தக் கழிவு கேட்கப்படாமலே கிடக்கிறது. சொல் கசப்பாக இருந்தாலும் அந்தப் படிவத்தைத் திறந்து பாருங்கள். நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து சேர்த்துத் தரும்படியும் கேட்டுப் பார்க்கலாம். வீட்டின் டாக்ஸ் பிரிவே தவறு என்று தோன்றினால் மட்டும் கவுன்சிலிடம் போக வேண்டாம். 1991 ஏப்ரல் 1ஆம் திகதி மதிப்பை வைத்து அந்தப் பிரிவைத் தீர்மானிப்பது மத்திய அரசின் மதிப்பீட்டு அலுவலகம்.

பள்ளி அனுமதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு பதினொரு மணிக்கு ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். படிவத்தை இரண்டு வாரத்துக்கு முன்பே நிரப்பிவிட்டதாகவும், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் மட்டும் இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆறு பள்ளிகளும் வரிசையாக இருந்தன. பிறந்த திகதியும் முகவரியும் சரியாக இருந்தன. பக்கத்தின் அடியில் சமர்ப்பிக்கும் பொத்தான் அழுத்தப்படாமல் அப்படியே நின்றது. இரண்டு வாரமாக அது சேமிக்கப்பட்ட நிலையிலேயே கிடந்திருக்கிறது. அழுத்தச் சொன்னேன், ஓரிரு நிமிடத்தில் விண்ணப்ப இலக்கத்துடன் மின்னஞ்சல் வந்தது. மறுநாள் காலையில் அழைத்திருந்தால் அவருடைய விண்ணப்பம் தாமதமானவற்றோடு சேர்ந்து, உரிய நேரத்தில் வந்த எல்லோருக்கும் பின்னால் போயிருக்கும். இடைநிலைப் பள்ளிக்கு ஒக்டோபர் 31, ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15 என்பவை இங்கிலாந்து முழுவதற்குமான இறுதித் திகதிகள்.

பிள்ளை சேர வேண்டிய பள்ளி பக்கத்துப் பரோவில் இருந்தாலும், விண்ணப்பம் நீங்கள் வசிக்கும் கவுன்சிலின் வழியாகவே போக வேண்டும். ஒரே ஒரு பள்ளியை எழுதினால் அந்த இடம் உறுதியாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது முற்றிலும் தவறு. நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது இடம் தீர்மானிக்கும் பள்ளிக்குக் காட்டப்படுவதில்லை. மற்ற ஐந்து இடங்களை வெறுமையாக விடுவதால், முதலாவது கிடைக்காதபோது தூரத்தில் மிஞ்சிய பள்ளிதான் வரும். கத்தோலிக்கப் பள்ளிகள் போன்ற சமயப் பள்ளிகளில் பெரும்பாலானவை கவுன்சில் படிவத்தோடு தங்களுடைய துணைப் படிவத்தையும் தனியாகக் கேட்கும். அது அந்தந்தப் பள்ளியின் தளத்தில் இருக்கும். கிராமர் பள்ளிக்குப் பிள்ளையைத் தயார்செய்கிறவர்கள் பரீட்சைப் பதிவு பொதுவாகக் கோடைக்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. பரீட்சையில் தேறினாலும், கவுன்சில் படிவத்தில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதப்படவில்லை என்றால் இடம் கிடையாது.

கணக்குத் தொடங்கும்போது பிள்ளையின் மின்னஞ்சலைக் கொடுப்பது சிறிய விடயமாகத் தோன்றும். ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதில் மகன் தன் பள்ளி மின்னஞ்சலில் அப்பாவுக்காகத் திறந்த கணக்கு, அவன் பள்ளியை விட்டதும் அந்த மின்னஞ்சலோடு போய்விட்டது. அதன்பின் கவுன்சில் டாக்ஸ் நினைவூட்டல்கள் யாரும் திறக்காத பெட்டிக்குப் போயின. வீட்டுக்கு வந்தது நீதிமன்ற அழைப்பாணைதான். உங்கள் பெயரில், நீங்களே திறந்து பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். எதை அனுப்பினாலும் முடிவில் வரும் இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் பின்னால் சமையலறையை நீட்டுகிறவர்கள் 'பிளானிங்' அனுமதியையும் 'பில்டிங் கொன்ட்ரோல்' அனுமதியையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். முன்னது கட்டலாமா என்பதைப் பற்றியது. பின்னது பாதுகாப்பாகக் கட்டப்பட்டதா என்பதைப் பற்றியது. முன்னது தேவையில்லாத சிறிய நீட்டிப்புக்கும் பின்னது பெரும்பாலும் தேவைப்படும். அயலவரின் விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் எழுதும்போது, அது பெயரோடும் முகவரியோடும் தளத்தில் வெளியாகலாம் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். உங்கள் வீட்டு விலை குறையும் என்ற வாதத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. வெளிச்சம் மறைவது, உள்ளறைகள் பார்வைக்குத் திறந்துபோவது போன்றவற்றை எடுப்பார்கள்.

கவுன்சில் டாக்ஸ் கட்டுவதால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. அந்தப் பதிவு அரசின் பொதுத் தளத்தில் தனியாகச் செய்யப்பட வேண்டியது. பிரித்தானியக் குடியுரிமை இல்லாமல் சட்டப்படி இங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களும் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் பதிவுசெய்து வாக்களிக்கலாம். வாக்குச்சாவடியில் அவர்களுடைய அந்த நாட்டுக் கடவுச்சீட்டே அடையாளமாக ஏற்கப்படும்.

இவ்வளவு செய்தும் பதில் வராதபோது, அதே படிவத்தை மூன்று தடவை திரும்ப அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் மூன்று இலக்கங்கள் உருவாகி, எது எதற்குரியது என்ற குழப்பம்தான் மிஞ்சும். தளத்தில் முறைப்பாடுகளுக்கென்று தனிப்பக்கம் உண்டு. பழைய இலக்கத்தைக் குறிப்பிட்டு அங்கே எழுதி, அந்தக் கவுன்சிலின் எல்லாப் படிகளையும் கடந்தபின்னும் தீராவிட்டால், உள்ளாட்சிக்கும் சமூகப் பராமரிப்புக்குமான ஒம்புட்ஸ்மன் எனும் சுயாதீன விசாரணை அதிகாரியிடம் இலவசமாக முறையிடலாம். விடயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் செய்வது வழக்கம். அதற்கு முன்பே, உங்கள் வட்டாரத்தின் கவுன்சிலரைத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொண்டு தேடினால் அவர் மக்களைச் சந்திக்கும் நாளும் இடமும் கிடைக்கும். போகும்போது அந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் கவுன்சில் அலுவலகத்துக்கு எழுதும்போது அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான்.