பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள், முக்கியமாக ஒன்று

போன வாரம் தண்டையார்பேட்டையில் கடையை அடைக்கிற நேரத்தில் ஒரு தம்பி வந்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் அடகுக் கடை வைத்திருக்கிறான், அவன் பெயரில் இப்போதுதான் லைசென்ஸ் வந்திருக்கிறது. "அண்ணே, ஃபாரின் பீஸ் ஒன்று வருகிறது, ஜெர்மன் மேக், ஆறு லட்சம் சொல்கிறார்கள், இன்றைக்கு விட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவான்" என்றான். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2008ல் நான் என் மாமாவிடம் போய் நின்று சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

ட்ரிகரில் விரல் வைக்காதே, குழலை ஆள் பக்கம் திருப்பாதே என்பதெல்லாம் பயிற்சிச் சான்றிதழ் வாங்கும்போதே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை இங்கே எழுதவில்லை.

பெயரை நம்பி வாங்குவது

நம்மைப் போன்றவர்களுக்கு லைசென்ஸில் கிடைப்பது பெரும்பாலும் .32 தான் (குழலின் அளவு, அங்குலக் கணக்கில்), 9 எம்எம் தடை செய்யப்பட்ட வகை. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே பொதுமக்களுக்குக் கிட்டத்தட்ட நின்றுபோனது. அதனால் ஃபாரின் பீஸ் என்று இன்று கைமாறுவதில் பெரும்பாலானவை அதற்கு முன்னால் வந்தவை. வயது நாற்பதும் இருக்கும், எண்பதும் இருக்கும். புதிதாக வருவது நின்றுவிட்டதால்தான் அந்த விலை. பிஸ்டல் நன்றாக ஓடுகிறதா என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து நாலே முக்கால் லட்சம் கொடுத்தேன். விற்றவர் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுத்து விட்டுக் காட்டினார், வழுக்கிக்கொண்டு போனது. மேலே பொறித்திருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தேன், அவ்வளவுதான் என் பரிசோதனை. வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று லைசென்ஸிலேயே வரம்பு இருக்கும், விலையும் அதிகம், அதனால் சுட்டுப் பார்க்க மனம் வராது. எட்டு மாதம் ஒரு தோட்டாகூடச் சுடாமல், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டாவோடு, ராயபுரத்துக்கும் சௌகார்பேட்டைக்கும் நகையும் பணமுமாக ஸ்கூட்டரில் போய் வந்தேன்.

ஒருநாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும்போது உறையின் பட்டி அறுந்து பிஸ்டல் தரையில் விழுந்தது. ஸ்கூட்டரின் முன்பக்கம் என் மகள் நின்றுகொண்டிருந்தாள், அப்போது அவளுக்கு ஆறு வயது. ஒன்றும் ஆகவில்லை. எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கிளப் ரேஞ்சுக்கு, துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, கொண்டுபோனேன். மூன்றாவது தோட்டாவில் ஜாம், ஏழாவதில் மறுபடியும். தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் வாய் விரிந்திருந்தது, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மாற்று மேகசினுக்கு ஒரு வருடம் அலைந்தும் கிடைக்கவில்லை. லைசென்ஸ் உள்ள ஒரு பெரியவரிடம் பழுது பார்க்கக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதில் ஃபயரிங் பின்னைத் தடுக்க எதுவுமே இல்லை தம்பி" என்றார்.

இது புரியாமல் யாரும் பிஸ்டல் வாங்கக் கூடாது. குழல் கீழ்நோக்கி விழுந்தால் பிஸ்டல் தரையில் மோதி நின்றுவிடும், ஆனால் உள்ளே இருக்கும் ஃபயரிங் பின் என்ற ஊசி வந்த வேகத்திலேயே முன்னால் போகும், தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். ட்ரிகரை முழுதாக இழுத்தால் மட்டுமே விலகுகிற ஒரு சின்னத் தடுப்பு, ஃபயரிங் பின் இப்படி நகராமல் பிடித்துக்கொள்ளும். பழைய பிஸ்டல்கள் பலவற்றில் அது கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் சேஃப்டி நெம்புகோல் போதும் என்று நினைக்கிறார்கள், பலவற்றில் அது ட்ரிகர் பக்கத்தைத்தான் பூட்டும், பின்னைப் பூட்டாது. கேட்டில் விழுந்தது எந்தக் கோணத்தில் என்று இன்றும் சில ராத்திரி யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

பெரிய கம்பெனி தப்பே செய்யாது என்ற நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது. 1944ல் கீழே விழுந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வெடித்து ஓர் அமெரிக்கக் கடற்படை வீரர் இறந்தார், அதன் பிறகுதான் ஹேமரை, அதாவது பின்னாலிருந்து அடிக்கும் சுத்தியலை, தடுக்கும் பாகத்தை மாற்றி வடிவமைத்தார்கள். சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டலை 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவமே தேர்ந்தெடுத்தது, அதே வருடம் ஆகஸ்டில் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கலாம் என்று தெரிந்து இலவசமாக ட்ரிகர் மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவிக்க வேண்டியிருந்தது. ரூகர் கம்பெனி 1973க்கு முன் விற்ற ரிவால்வர்களுக்கு 1982லிருந்து இலவசமாகப் பாதுகாப்புப் பாகம் பொருத்திக் கொடுக்கிறது. ஒரு கம்பெனியை நம்பலாமா என்பதை நான் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன்: தப்பு தெரிந்ததும் திரும்பக் கூப்பிடுகிறதா, அந்த அழைப்பு நம் கைக்கு வந்து சேருமா. எழுபது வருடப் பழைய பிஸ்டலை வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் உட்கார்ந்திருக்கும் என்னை எந்த ஜெர்மன் கம்பெனி கூப்பிடப் போகிறது?

நம் அரசுத் தொழிற்சாலையின் .32 பிஸ்டல் அதைவிட உசத்தி என்று சொல்லவில்லை. ட்ரிகர் கனமாக இருக்கும், வேலைப்பாடு சுமார்தான். ஆனால் பாகம் கேட்டு எழுத ஒரு முகவரி இருக்கிறது. 2021ல் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்த பிறகு சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏடபிள்யூஇஐஎல் என்ற அரசுக் கம்பெனி கையில் இருக்கின்றன. அதையும் சுட்டுப் பார்க்காமல் இடுப்பில் வைக்காதீர்கள். தினமும் போடப்போகிற அதே தோட்டா, அதே மேகசின், பல நாட்களாகப் பிரித்து இருநூறு தோட்டாவாவது சுடுங்கள். தோட்டா வரம்பு இடித்தால் அடுத்த வருடக் கணக்கிலும் சேர்த்துச் சுடுங்கள், முடிகிறவரை சேம்பரைக் காலியாக வையுங்கள். எந்த மேகசினில் எத்தனையாவது தோட்டா சிக்கியது என்று நோட்டில் எழுதுங்கள்.

பழையதுதான் வேண்டும் என்றால் விற்பவரையே ரேஞ்சுக்கு வரச்சொல்லி அவர் கையால் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மேகசினை அவசரமாக நிரப்புவது

.32 பிஸ்டல் தோட்டாவுக்கு அடியில் லேசாக வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும், ஸ்லைடால் தள்ள முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுங்கள்.

ரிவால்வர் .32ஐயும் பிஸ்டல் .32ஐயும் ஒன்றென நினைப்பது

இரண்டும் வேறு தோட்டா. பில் போடுவதற்கு முன் பெட்டியைப் படியுங்கள்.

தோல் உறைக்குள்ளேயே பீரோவில் வைப்பது

காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது, தோல் அதை ஈரத்தோடு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பத்து நாளில் ஸ்லைடில் செம்புள்ளி பார்த்திருக்கிறேன். உறையை விட்டு எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, பூட்டி வையுங்கள்.

உறை இல்லாமல் இடுப்பில் செருகுவது

கூடாது. சட்டமும் அனுமதிக்காது.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கி அப்படியே இடுப்பில் வைப்பது

வாங்கிய அன்றே பிரித்துத் துடையுங்கள். அதுவரை தோட்டா போடாதீர்கள்.

அந்தத் தம்பி நேற்று போன் செய்தான். ரேஞ்சுக்கு வந்து சுட்டுக் காட்டச் சொன்னதும், "நம்பிக்கை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்று விற்பவர் போனை வைத்துவிட்டாராம்.